சூனியக்காரி வீட்டு சோபா

"இந்த சோபாவை எங்கயோ பாத்திருக்கேனே..." என்றாள் மனைவி, கணவரின் தோளுக்கு மேலாகக் கணினியை எட்டிப் பார்த்து.

பின்னணியாருக்கு அப்போதுதான் பகீரென்றது.

கார்ட்டூன் கம்பெனியில் அவருக்கு அதுதான் பெயர். தெரு, மாடிப்படி, அடுப்படி என்று பாத்திரங்கள் ஓடியாடுகிற இடத்தையெல்லாம் வரைவது அவர் வேலை. அதில் அவரை அடிச்சுக்க ஆளில்லை. அதை அவரும் யாரிடமும் மறைத்ததில்லை. சூனியக்காரியின் வீட்டை வரையச் சொன்னபோது கை தானாக ஓடியிருந்தது. சிவப்பு சோபா, கண்ணாடி அலமாரி நிறைய முறைக்கிற பொம்மைகள், பூப்போட்ட திரைச்சீலை. "பாத்தாலே வயித்தைக் கலக்குது சார்!" என்று இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அத்தனையும் அச்சு அசலாக மாமியார் வீட்டு ஹால். அந்த வீட்டு மாடியில்தான் இவர்கள் குடியிருக்கிறார்கள்.

"போச்சு! அம்மா பாத்தா நாம சட்டி பானையோட தெருவுலதான் நிக்கணும்," என்றாள் மனைவி. "கம்பெனி ஆளுங்க குடும்பத்துக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுவாங்களாமே? அம்மா இப்பவே கெளம்பி நிக்கிறாங்க."

"அட, இதெல்லாம் ஒரு விஷயமா? நான் வரைஞ்சதை நானே மாத்திட்டுப் போறேன்."

மறுநாள் சோபாவுக்குப் பச்சை அடித்தார். சூனியக்காரியின் அங்கியும் பச்சை என்பது பதற்றத்தில் மறந்துபோயிற்று. அவள் உட்கார்ந்ததும் உடம்பு சோபாவோடு கலந்து, தலை மட்டும் அந்தரத்தில் பேசியது.

"உடம்பு எங்க சார்?" என்று இயக்குநர் குதித்தார். சோபா மறுபடி சிவப்பானது.

அடுத்து, பொம்மை அலமாரியை இருட்டில் அமுக்கினார். அதில் என்ன இருக்கிறதென்று ஒரு பயலுக்கும் தெரியக் கூடாது.

"ஆகா! கண்ணு மட்டும் பளபளங்குது! இதுக்கு ஒரு க்ளோஸ்-அப் வச்சே ஆகணும் சார்!" என்றார் இயக்குநர்.

மூலையில் சிவனே என்று கிடந்த அலமாரி இப்போது திரை முழுக்க வந்தது. ஒவ்வொரு பொம்மையையும் பின்னணியாரே பெரிதாக வரைந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

மிச்சம் இருந்தது திரைச்சீலை. பூக்களை அழித்து நீலக் கோடு போட்டார். இயக்குநர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒப்புக்கொண்டார். ஒரு வாரம் பின்னணியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். பிறகு ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்தால், மாமியார் கீழே ஹாலில் முக்காலி மேல் ஏறி நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தார். நீலக் கோடு போட்டது.

"புதுசு மாப்பிள்ளை! எப்படி இருக்கு?"

"பிரமாதம் அத்தை," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

படம் போடுகிற நாளும் வந்துவிட்டது. மாமியார் முதல் வரிசையில் போய் ஜம்மென்று உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி மாப்பிள்ளைக்கு.

"கேட்டா, எல்லாம் கற்பனைன்னு அடிச்சுச் சொல்லிடுவேன்," என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நீங்க சொல்லி அவங்க கேட்டுட்டாங்க!"

விளக்கு அணைந்தது. இதுவரை ஊமையாகவே பார்த்த படத்தை, குரல் சேர்த்தபின் பின்னணியார் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரையில் கதவு திறந்தது. சிவப்பு சோபா தெரிந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"யார்ரா அது, காலைத் துடைக்காம உள்ள வர்றது?" என்று சூனியக்காரி அலறினாள்.

"துடைச்சிட்டேன் அத்தை!" என்று எழுந்து நின்றுவிட்டார் பின்னணியார்.

அரங்கமே சிரித்தது. மாமியார் மட்டும் புதுப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

பின் வரிசையிலிருந்து ஒலிப்பதிவாளர் எட்டி, பின்னணியாரின் தோளைத் தட்டினார்.

"சூனியக்காரிக்குக் குரல் குடுக்க வந்த அன்னைக்கே அம்மா சொல்லிட்டாங்க சார், 'என் வீட்டையே வரைஞ்சு வச்சிருக்காரு, எதிர்ல நிக்கறது மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கிட்டாப் போதும், வசனம் தானா வந்துடும்'னு."