ஒரு விசிலால் வெள்ளவத்தையைக் கிளப்பிய கதை

யாருக்கு எதை வேண்டுமானாலும் படிப்பிக்கலாம். யுத்த காலத்து யாழ்ப்பாணத்தாருக்கு, வீட்டை விட்டு வெளியேறுவது எப்படி என்று மட்டும் படிப்பிக்கப் போகக்கூடாது. நான் போனேன். அதுவும் கழுத்தில் விசில் ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு போனேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கண்டியில் நடந்த பயிற்சிப் பட்டறைக்கு அனுப்பினார்கள். காலநிலை மாறுகிறது, இனி மழை சொல்லிக்கொண்டு வராது, தாழ்ந்த இடத்துச் சனங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். திரும்பி வரும்போது உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் ஏறியிருந்தது. (அந்த வயதில் தலைக்குள் இடம் தாராளமாக இருந்தது.)

உலகத்துக்கு முன்னால் எங்கள் ஒழுங்கை. கொழும்பு வெள்ளவத்தையில், காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து இறங்கிக் கால்வாயில் முட்டி நிற்கும் சின்னச் சந்து அது. பலத்த மழை பெய்தால் கால்வாய் வீட்டுக்குள் வந்துவிடும். போன மழையில் பக்கத்து வீட்டுப் பத்மா அக்காவின் பிள்ளைகள் புத்தகம் கொப்பி எல்லாவற்றையும் பறிகொடுத்து, இரவல் கொப்பிகளோடு பரீட்சைக்குப் படித்தார்கள். எங்கள் நிறுவனத்திடம் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஒன்று இருந்தது. வெள்ள ஒத்திகையை ஒழுங்காகச் செய்து காட்டும் ஒழுங்கைக்குத்தான் அது கிடைக்கும் என்றார்கள். அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று நின்றேன்.

ஒழுங்கை முகப்பில் இருந்த நஸீர் நானாவின் கடைக்கு முன்னால் கூட்டம் வைத்தேன்.

"நான் விசில் ஊதினதும் எல்லாரும் வெளிக்கிட்டு மேல கோயில் மண்டபத்துக்குப் போகோணும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் பதிவு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு ஆயத்தமா வையுங்கோ."

பத்மா அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டை விட்டு, ஊர் ஊராக இடம்பெயர்ந்து, கடைசியில் எங்கள் ஒழுங்கைக்கு வாடகைக்கு வந்தவர் அவர். ஒழுங்கையில் முக்கால்வாசிப் பேர் அப்படி வந்தவர்கள்தான்.

"அந்தப் பையை நாங்கள் எப்ப பிள்ளை கீழ வைச்சனாங்கள்?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளங்கித்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகை நாள் சனிக்கிழமை காலை. வானத்தில் மருந்துக்கும் ஒரு மேகம் இல்லை. எங்கள் திட்ட அதிகாரி நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு வந்து நின்றார். ஊதினேன்.

அடடா, அதை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது! ஒரு சத்தம், ஒரு கூச்சல் இல்லை. காஸ் பூட்டப்பட்டது, பிளக் பிடுங்கப்பட்டது, கேற் சாத்தப்பட்டது. பத்மா அக்கா ஒரு கையில் அரிசிப் பை, மறு கையில் சின்னவன் என்று வந்தார். பிள்ளைகளின் சட்டைக்குள் பெயரும் விலாசமும் தைத்திருந்தன. நடக்க ஏலாத செல்லையா மாஸ்டரை, ஒழுங்கை லொட்ஜில் தங்கியிருந்த பெடியங்கள் நாலு பேர் அவர் உட்கார்ந்திருந்த கதிரையோடு தூக்கி வந்தார்கள். யார் யாரைத் தூக்குவது என்று நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. நான் கண்டியில் படம் பார்த்துப் படித்ததை அவர்கள் பதுங்குகுழிக்குள் இருந்து படித்திருந்தார்கள்.

"மிஸ், இப்பிடி ஒரு ஒழுங்கையை நான் வேற எங்கயும் கண்டதில்லை" என்றார் அதிகாரி. பம்ப் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மண்டபத்தைத் திறந்து வைக்கச் சொல்ல நான் மறந்திருந்தேன். (பட்டறையில் பூட்டைப் பற்றி ஒரு படமும் காட்டவில்லை.) கதவு பூட்டியிருந்தால் நின்று விசாரிக்கும் பழக்கம் எங்கள் சனத்துக்கு இல்லை. அடுத்த இடத்துக்குப் போவார்கள். முன்னால் போனவர்கள் பூட்டைப் பார்த்தார்கள், காலி வீதியில் ஏறினார்கள், பம்பலப்பிட்டிக் கோயிலை நோக்கித் திரும்பினார்கள். பின்னால் வந்தவர்களும் திரும்பினார்கள்.

அடுத்த ஒழுங்கைக்காரர் இதைக் கண்டார்கள். தமிழர்கள் பையும் பாயுமாக நடந்தால், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்கிற காலமா அது? அவர்களும் பையைத் தூக்கினார்கள். அதற்கடுத்த ஒழுங்கையும் தூக்கியது. காலி வீதிக் கடைகள் சடசடவென்று கதவைப் போட்டன. கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனையிலிருந்து என் பெரியப்பா நஸீர் நானாவின் கடைக்குத் தொலைபேசி எடுத்து, "வெள்ளவத்தை வெளிக்கிட்டிட்டுதாம். நாங்களும் வெளிக்கிடவோ?" என்று கேட்டாராம்.

நான் பின்னால் ஓடினேன். நிறுத்த வேண்டுமே! பலங்கொண்ட மட்டும் விசிலை ஊதினேன். விசில் கேட்டால் வேகமாகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். சனம் வேகமாகப் போனது.

சோதனைச் சாவடியில் பொலிஸ் சார்ஜன்ட் வழிமறித்தார். செல்லையா மாஸ்டரைக் கதிரையோடு நடு வீதியில் இறக்கச் சொல்லி, பெடியங்கள் நாலு பேரையும் சுவரோரம் நிறுத்தினார். என்ன இது என்று என்னைச் சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் அந்த நேரம் பார்த்து என்னைக் கைவிட்டது.

"கங்வத்துர, மஹத்தயா! கங்வத்துர!" (வெள்ளம், ஐயா! வெள்ளம்!)

சார்ஜன்ட் வானத்தைப் பார்த்தார். வெயில் கண்ணில் குத்தியது. என்னைப் பார்த்தார். கையை நீட்டி விசிலை வாங்கிக்கொண்டார்.

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் சுவரோரம் நிறுத்தப்பட்ட பெடியங்கள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. நாலு பேரின் முகத்திலும் இரத்தம் இல்லை.

அப்போதுதான் நஸீர் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் வெற்றுப் பிஸ்கட் தகரத்தோடு ஓடி வந்தார். அவருடைய சிங்களம் தண்ணீராக ஓடியது. இது என்னுடைய ஒழுங்கை, இவர்கள் என்னுடைய ஆட்கள், இந்தப் பிள்ளை வெள்ளத்துக்குப் படித்த பிள்ளை என்றெல்லாம் சொன்னார். சார்ஜன்ட் பெடியங்களின் பைகளைத் திறந்து பார்த்தார். கொழும்பில் தங்கும் தமிழர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவு உட்பட எல்லாம் பொலித்தீனுக்குள் சுற்றி, ஒரு சுருக்கமும் இல்லாமல் இருந்தன. போகச் சொன்னார். எனக்குப் போன உயிர் வந்தது. நஸீர் நானாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

நானா கும்பிட நேரம் தரவில்லை. தகரத்தை அடித்துக்கொண்டு வீதியில் இறங்கினார்.

"ஒண்டும் நடக்கல்ல! எல்லாரும் திரும்பி ஊட்டுக்கு வாங்க! ஊட்டுக்கு வாங்க!"

வீதியே நின்று திரும்பிப் பார்த்தது. பத்மா அக்கா அரிசிப் பையைக் கீழே வைத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"பிள்ளை, எத்தனையோ தரம் ஓடியிருக்கிறன். திரும்பி வாங்கோ எண்டு ஒருத்தர் கூப்பிட்டது இண்டைக்குத்தான்."

பம்ப் கிடைத்தது. "வெளிக்கிட ஒருத்தரும் உங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை, நிக்கத்தான் பழகோணும்" என்றார் அதிகாரி. விசில் திரும்பி வரவில்லை. நானாவின் தகரமே ஒழுங்கையின் 'திரும்பி வாங்கோ' ஆகியது. அந்த மாரியில் கால்வாய் உண்மையாகவே வந்தது. கழுத்தில் விசிலுக்குப் பதிலாக மண்டபத்துச் சாவியோடு நான் முன்னால் நடந்தேன். தண்ணீரை இறைத்து முடிந்ததும் தகரம் கேட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். பத்மா அக்காவின் பிள்ளைகளுடைய கொப்பிகளில் ஒரு துளி ஈரமும் இல்லை.

கதிரை தூக்கிய நால்வரில் ஒருவரைத்தான் பிறகு நான் கல்யாணம் செய்தேன். கல்யாண வீட்டுக்கு நேரமாகிறது, வெளிக்கிடுங்கோ என்று நான் அவசரப்படுத்தும்போதெல்லாம், "மண்டபம் திறந்திருக்கோ?" என்று கேட்பார். இப்போது பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

யுத்தம் முடிந்து சில காலத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து பத்மா அக்கா தொலைபேசி எடுத்தார்.

"சுமதி, வீட்டுக்கு வந்திட்டன். கூரை இல்லை, கதவு இல்லை. ஆனா வந்திட்டன். நானாட்டைச் சொல்லும், அந்தத் தகரத்தை ஒருக்கா அடிக்கச் சொல்லி."

தொலைபேசியோடு கடைக்கு ஓடினேன். நானாவின் காதில் அதை வைத்தேன். பழைய தகரத்தை எடுத்து, காலி வீதிக்கே கேட்கும்படி அடித்தார். இந்த முறை ஒருவரும் பையைத் தூக்கவில்லை.