இருமுனை வாளும் தூத்துக்குடிக் கிளையும்

மனிதன் இதுவரை செய்த ஆயுதங்களிலேயே உன்னதமானது இருமுனை ஒளிவாள். இதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில் இருந்த வாளுக்கெல்லாம் ஒரு முனைதான். அதனால்தான் கதை கயத்தாற்றில் போய் முடிந்தது என்று கிளை மேலாளர் டிக்சன் சார் ஒரு கூட்டத்தில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். எம்.பி.ஏ. படித்தவர். தப்பாகச் சொல்ல மாட்டார்.

நான் காசிலிங்கம். மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவன். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி. தராசு முள்ளையே இரண்டு தடவை பார்த்தால்தான் நம்புகிற ஆள். அப்படிப்பட்ட நானே ஒரு வாளைப் புகழ்கிறேன் என்றால் அதன் பெருமையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வாள் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. என் மகன் சிவப்பிரகாஷ், துறைமுகத்துக்கு வருகிற கண்டெய்னர்களைச் சுங்கக் காகிதம் முடித்து வெளியே எடுத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். கண்டெய்னரைச் சொன்ன நேரத்தில் வெளியே எடுப்பதை வைத்து ஒரு மனிதனின் தரத்தை அளக்க முடியாது என்று அவர்களுடைய சென்னைத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. 'தலைமைப் பண்பு', 'குழு உணர்வு' இரண்டையும் அளக்க, சனிக்கிழமை மதியந்தோறும் எல்லாக் கிளைகளும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த நேரத்தில் துறைமுக வாசலில் லாரிக்காரர்கள் வெயிலில் நின்று கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குக் குழு உணர்வு போதாது.

ஆட்டம் அவரவர் வீட்டிலிருந்தே. மகனின் ஹெட்போனில் ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது. ஆகவே நிர்வாகப் பேச்சு முழுவதும் ஸ்பீக்கர் வழியாக எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நான் கட்டிலில் படுத்தபடியே பயன்பெற்றேன்.

முதலில் டிக்சன் சார் வகுப்பு எடுத்தார். திரையில் படம் போட்டு எடுத்தார். வாளை வெறுமனே வீசக் கூடாது, ஒளி தீர்ந்துவிடும். எதிரி தூரத்தில் துப்பாக்கியோடு நின்றால் நேரே ஓடக் கூடாது. சுவர் மூலையில் பதுங்கியிருந்து, அவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் ஒரே பாய்ச்சல். பாய்ந்த இடத்தில் நிற்காமல் உடனே விலகிவிட வேண்டும். நான் கடை வைத்திருந்த காலத்தில் சில அதிகாரிகள் இதையெல்லாம் வாள் இல்லாமலே செய்தார்கள்.

முக்கியமான பாடம் கடைசிப் படத்தில் இருந்தது. பாயும்போது முன்முனை முன்னால் நிற்பவனை வெட்டும். பின்முனை பின்னால் நிற்பவனை வெட்டும். எதிரியா, கூட வந்தவனா என்று வாள் விசாரிக்காது. அந்தப் படம் வரும்போது நேரமாகிவிட்டது. "இது உங்களுக்கே தெரியும்" என்று டிக்சன் சார் தள்ளிவிட்டார்.

எங்கள் கிளைக்கு நாலு பேர். டிக்சன் சார், நாசரேத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற மூத்த கணக்கர் ஜீவமணி, டைப் வேலை பார்க்கும் ஷீஜா என்கிற பெண், என் மகன். முதல் ஆட்டம் ஆரம்பித்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்றார் டிக்சன் சார்.

"வந்தாச்சு சார். உங்களுக்குப் பின்னாலதான் நிக்கோம்" என்றார் ஜீவமணி.

எதிரே ஒருவன் வந்தான். டிக்சன் சார் பாய்ந்தார். எதிரி தப்பிவிட்டான். பின்னால் நின்ற மூன்று பேரும் செத்து விழுந்தார்கள்.

"ஸாரி சார்" என்றார் ஜீவமணி. "வாளுக்கு இடைஞ்சலா வந்துட்டோம்."

"பரவால்ல, எந்திரிச்சு வாங்க."

இந்த விளையாட்டில் செத்தவன் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடலாம். மூன்று பேரும் எழுந்தார்கள். ஓடி வந்து டிக்சன் சாருக்குப் பின்னால் மறுபடியும் நின்றார்கள். மறுபடியும் பாய்ந்தார். மறுபடியும் விழுந்தார்கள். சாயங்காலம் வரை ஒழுங்கு தவறாமல் இப்படியே நடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, அந்தாளுக்குப் பின்னாலேயே போய்ப் போய் நிக்கியே, வேற இடமே இல்லையா?"

"பின்ன எங்கன நிக்கதுப்பா? மேனேஜர்லா."

அவன் சொன்னது நியாயம். அந்த ஆபீசில் ஒரு முறை உண்டு. மேனேஜருக்கு முன்னால் யாரும் போக மாட்டார்கள், பக்கத்திலும் போக மாட்டார்கள். கண்டெய்னர் யார்டுக்குப் போனால் டிக்சன் சார் முன்னே நடப்பார். அவர் நிழலை மிதிக்காமல் மற்றவர்கள் பின்னே நடப்பார்கள். டீக்கடையிலும் அப்படித்தான். என் மகன் கல்யாணப் போட்டோவில் டிக்சன் சார் நடுவில் நிற்கிறார், மாப்பிள்ளை ஓரடி பின்னால் நிற்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் என் மருமகள் பிரேமாவிடம், "மாப்பிள்ளை கொஞ்சம் வயசானவராட்டு இருக்காரே" என்கிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பலகை வரும். ஒரு பக்கம் 'வெட்டு', மறு பக்கம் 'சாவு'. எத்தனை பேரை வெட்டினார் என்பது தெரியும். யாரை வெட்டினார் என்பது தெரியாது. வெட்டில் டிக்சன் சார் தென்னிந்தியாவுக்கே முதலாவதாக வந்தார். சாவில் என் மகன் முதல்; சாருக்கு மிகக் கிட்ட நிற்பவனை வாள் ஒரு தடவைகூடத் தவறவிடாது. ஜீவமணிதான் அவனுக்கு முன்னால் நிற்க வேண்டியவர். ஆனால் பெருந்தன்மையான மனுஷர். "நான் ரிட்டயர் ஆவப் போறவன். நீ வளர வேண்டிய பிள்ளை, சாருக்குக் கிட்ட நில்லு" என்று இடத்தை விட்டுக் கொடுத்திருந்தார்.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்தின் அடுத்த உத்தரவு வந்தது. இறுதி ஆட்டத்தில் கிளைக்குக் கிளை எவன் அதிகமாகச் சாகிறானோ, அவனுக்குத் 'துணிவு வளர்ச்சி' போதாது. அதை வளர்ப்பதற்காக அவனைக் குஜராத்தில் திறக்கிற புதுக் கிளைக்கு மாற்றுவார்கள். குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். போக மறுப்பவன் வீட்டிலேயே இருந்து துணிவை வளர்த்துக்கொள்ளலாம், சம்பளம் கிடையாது.

பிரேமாவுக்கு அப்போது ஏழு மாதம்.

மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். நான் மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு டிக்சன் சார் வீட்டுக்குப் போனேன். மரியாதையாக உட்கார வைத்தார்.

"சார், பின்னால நிக்கவங்களை வெட்டாம அந்த வாளைச் சுத்த முடியாதா?"

"அண்ணாச்சி, பின்னால பாத்தா முன்னால கவனம் போயிரும். லீடர்னா முன்னாலதான் பாக்கணும்."

"அப்ப அவங்களைத் தள்ளி நிக்கச் சொல்லலாம்லா?"

டிக்சன் சார் வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "அவங்க மரியாதையா நிக்காங்க. மரியாதையைக் குறைச்சுக்கோங்கன்னு நானே எப்படிச் சொல்ல? நம்ம பண்பாடு என்னாகும்?"

பண்பாட்டை இவ்வளவு அக்கறையாகக் காப்பாற்றுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. மக்ரூனை வாங்கி வைத்துக்கொண்டார். அதுவும் பண்பாடுதான்.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை ஆட்டம். பிரேமா நாற்காலியில் காலை நீட்டி, மோர் குடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகன் விழுவதும் எழுவதுமாக இருந்தான். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாமா, அந்தக் கத்தி முன்னால போகுது, பின்னால போகுது. பக்கவாட்டுல போகவே இல்லைல்லா?"

"போகலம்மா."

"ஏங்க, அவருக்குப் பக்கத்துல நில்லுங்க."

மகன் திரும்பிப் பார்த்த பார்வையில், அவள் ஏதோ சார் சட்டைப் பையில் கை விடச் சொன்னது போல இருந்தது.

"பக்கத்துலயா? தோளோட தோளா?"

"ஆமா."

"ஏளா, அவரு மேனேஜரு!"

"பொம்மை மேனேஜர்தான, கம்ப்யூட்டர்ல இருக்கது? பக்கத்துல நின்னா இங்கன இருப்பீங்க. பின்னால நின்னா குஜராத்துல இருப்பீங்க. எங்கன நிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

இறுதி ஆட்டம் கொச்சிக் கிளையோடு. தலைமை அலுவலகத்துப் பெரியவர்கள் சென்னையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்ததும் என் மகன் நகர்ந்து நகர்ந்து போய் டிக்சன் சாருக்கு வலப்பக்கம் நின்றான். வியர்வை கழுத்தில் ஒழுகியது. பிரேமா அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், எழுந்து ஓடிவிடாமல் இருக்க.

ஸ்பீக்கரில் டிக்சன் சார் குரல் மெதுவாக வந்தது.

"யாருய்யா அது, எம் பக்கத்துல?"

"நாந்தான் சார். சிவப்பிரகாஷ்."

"இங்கன என்ன செய்யுத?"

"நிக்கேன் சார்."

"பெரியவங்க பாத்துட்டு இருக்காங்க. பின்னால போப்பா, நல்லாவா இருக்கு?"

ஜீவமணி அழாத குறை. "ஏலே தம்பி, வந்துருலே இங்கன. சார் பக்கத்துல போய் சரிக்குச் சரியா நின்னுக்கிட்டு!"

பிரேமா தோளை விடவில்லை. அதற்குள் கொச்சிக்காரன் சுவர் மூலையிலிருந்து வந்தான். டிக்சன் சார் பாய்ந்தார். முன்னால் கொச்சிக்காரன் விழுந்தான். பின்னால் ஜீவமணியும் ஷீஜாவும் விழுந்தார்கள். என் மகன் நின்றான். அவனுக்கே நம்பிக்கை வரவில்லை. இந்த ஆட்டத்தில் எழுந்து நிற்பது எப்படியிருக்கும் என்று அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். ஆட்டம் முடிகிற வரை அவன் சாகவே இல்லை.

சென்னையிலிருந்து பெரியவர் ஒருவர் கேட்டார். "டிக்சன், உங்க பக்கத்துல ஒருத்தர் நின்னாரே, அது என்ன?"

டிக்சன் சார் கண் இமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "நான்தான் சார் நிக்கச் சொன்னேன். புது உத்தி. அடுத்த தலைவரை உருவாக்குதேன்."

பெரியவர்கள் கை தட்டினார்கள். அந்த மாதமே டிக்சன் சார் தென்மண்டலத் தலைவராகச் சென்னைக்குப் போனார். அவர் உருவாக்கிய அடுத்த தலைவரான என் மகன், தூத்துக்குடிக் கிளைக்கு மேலாளர் ஆனான். மாற்றலை அடுத்த அரையாண்டு இறுதி ஆட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தார்கள். அதற்கு மேலாளர்களும் விலக்கில்லை என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். பிரேமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தெருவுக்கே லட்டு கொடுத்தோம்.

சனிக்கிழமை ஆட்டம் நிற்கவில்லை. இப்போது வாள் என் மகன் கையில். அவனும் முன்னால் பார்க்கத் தொடங்கினான். ஜீவமணியும் ஷீஜாவும் பின்னால். என் மகனின் பழைய இடத்துக்கு ஆள் போடவில்லை, செலவைக் குறைக்கிறார்களாம். அடுத்த இறுதி ஆட்டம் முடிந்து பலகை வந்தபோது, சாவில் ஜீவமணி முதல்.

மறுநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகனைத் 'தம்பி' என்று கூப்பிட்டே பழக்கப்பட்டவர்.

"சார்" என்றார்.

நாற்காலி போட்டோம். உட்காரவில்லை. "சார், எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் சர்வீஸ். வீட்டுல ஜெபசுதாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கா. எந்திரிச்சு வெந்நி வைக்க நான்தான். குஜராத்துக்குன்னா... நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"அண்ணாச்சி, எங்கையில ஒண்ணுமில்ல. மேல எடுக்க முடிவு" என்றான் என் மகன்.

"சரிங்க சார். கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றார். குழந்தை கையில் ஐம்பது ரூபாய்த் தாளைத் திணித்தார். என் மகன் எழுந்து வாசல் வரை வந்தபோது, அவனை முன்னால் விட்டுப் பின்னாலேயே நடந்து போய்ச் செருப்பை மாட்டினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் பிரேமா கேட்டாள்.

"பக்கத்துல நின்னா வெட்டாதுன்னு அவருகிட்ட நீங்க சொல்லவே இல்லையா?"

"சொல்லல."

"ஏன்?"

"புரியாமப் பேசாத. ஒவ்வொரு கிளையிலயும் ஒருத்தன் போயே ஆகணும். எல்லாரும் பக்கத்துல வந்து நின்னுட்டா பின்னால யாரு நிக்கது? அப்புறம் நாந்தான் போகணும்."

சொல்லிவிட்டுக் கை கழுவி இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். பிரேமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பரிமாறுவதற்கு நான்தான் இருந்தேன்.

இருமுனை வாளைத் திறம்படப் பயன்படுத்துவது எப்படி என்று இனி யாரும் என் மகனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை சனிக்கிழமை சண்டையில் கொச்சிக் கிளைக்காரன் ஒருவனுக்கும் நகக்கீறல்கூட இல்லை. எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். நிஜமாக வெட்டுப்பட்டவர் நாசரேத் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். வெட்டினவன் குழம்பில் உப்பு கம்மி என்கிறான்.