மாமாவின் காருக்குப் பின் பிரேக் பூட்டிய வரலாறு

வெள்ளவத்தை,
6-12-46.

பதுளைத் தபாற்கந்தோரின் தூணாகிய பெருமதிப்புக்குரிய தியாகராசா மாமா அவர்களுக்கு, மருமகன் குலேந்திரன் பணிவோடு அறியத்தருவது:

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தங்களுடைய ஒஸ்ரின் காரின் பின் சில்லுகள் இரண்டும் கொட்டாஞ்சேனையில் வைத்து உத்தியோகபூர்வமாகக் கழற்றப்பட்டன. நேற்று, வியாழக்கிழமை, அதே சில்லுகள் அதே இடத்தில் மறுபடியும் பூட்டப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கார் செங்கல் அடுக்கின் மேல் அமைதியாகத் தவமிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம் பற்றிக் கீழே வருகிறது.

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். மாமியும் நீங்களும் சுகமோ என்று கேட்கும்படி அம்மா பின்னால் நின்று சொல்கிறா, கேட்டுவிட்டேன். பதுளைக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி என்றும் கேட்கச் சொல்கிறா, அதையும் கேட்டாயிற்று. இனி நான் காருக்கு வரலாம்.

தாங்கள் இடமாற்றத்தில் போகும்போது எங்கள் ஜம்பு மரத்தின் கீழ் விட்டுப்போன கார், யுத்தம் முடியும்வரை பெற்றோலைக் கண்ணாலும் காணாமல் கிடந்து, அணில்களுக்கு வீடாகவும் அம்மாவுக்கு வடகம் காயவைக்கும் மேசையாகவும் சேவை செய்து, கடைசியில் பின் பிரேக்கை முற்றாக இழந்துவிட்டது. "14ந் திகதி சனிக்கிழமை வந்து காரை ஓட்டிக்கொண்டு போகிறேன், அதற்குள் பின் பிரேக்கைக் கையைக் கடிக்காத செலவில் செய்து வையுங்கள், ஹப்புத்தளை வளைவுகளில் பின் பிரேக் பிடிக்காவிட்டால் பதுளைக்குப் பதிலாகப் பரலோகம்தான்" என்று அப்பாவுக்கு எழுதியிருந்தீர்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் குலேந்திரனையும் விடுமுறைக்கு முன் ஆசனத்தில் ஏற்றிக்கொண்டு போவேன், முடியாவிட்டால் அவன் வீட்டிலிருந்து அட்சரகணிதம் படிக்கட்டும் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. முதற்பாதியை அப்பா இரண்டு தரம் வாசித்தார். மற்றப் பாதியை நான் மனப்பாடம் செய்தேன்.

முதலில் அப்பா காரைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒரு துரை சில்லுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுடைய சூ இரண்டும் தேய்ந்து முடிந்துவிட்டன, மிஸ்டர் வரதராசா" என்று இங்கிலீசில் சொன்னார். அப்பா உடனே சப்பாத்துப் போட்ட இரண்டு கால்களையும் கதிரைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். பிரேக்குக்குள்ளும் சூ என்று ஒன்று உண்டு, அதுதான் சில்லோடு சேர்ந்து சுழலும் ட்ரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிப்பது என்று நான் காதுக்குள் சொன்ன பிறகுதான் கால்கள் வெளியே வந்தன. அடுத்து துரை செலவுக் கணக்கை எழுதி நீட்டினார். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து துரை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அந்தச் சல்லிக்குத் தன்னுடைய சொந்தச் சப்பாத்தையே ஆயுள் முழுக்க மாற்றலாம், தவில், நாதஸ்வரத்தோடு ட்ரம்மும் வாசிப்பிக்கலாம் என்று அப்பா வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

இந்த இடத்தில்தான், மாமா, வரலாற்றில் நான் பிரவேசிக்கிறேன். கொட்டாஞ்சேனையில் மார்ட்டின் பாஸ் என்று கார் திருத்தும் கைவேலைக்காரர் ஒருவர் இருக்கிறார், அரைவாசிக் காசுக்குச் செய்வார் என்று என் வகுப்புச் சிநேகிதன் சொல்லியிருந்தான். (எனக்குப் பரீட்சை பாஸ்தான் பழக்கமில்லை, கைவேலைப் பாஸ்மாரைத் தாராளமாகத் தெரியும்.) "அவன் சிங்களவன், என்ர சிங்களம் பஸ் ரிக்கற்றோட முடிஞ்சிடும்" என்று அப்பா தயங்கினார். கவலையை விடுங்கள், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, நானே மொழிபெயர்ப்பாளராக வருகிறேன் என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா செலவுக் கணக்கைப் பார்த்தா. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கொட்டாஞ்சேனைக்குப் போன பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அப்பா அதைச் சொல்லவே வேண்டாம் என்றார். புறக்கோட்டையில் கார் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விரும்பாமல், கருவாடு ஏற்றிய ஒரு கைவண்டியை மரியாதையாக முட்டியது. பாரை, கட்டா, நெத்தலி எல்லாம் மறுபடியும் நீந்தப் புறப்பட்டவை போலத் தெருவில் பரவின. கருவாட்டு முதலாளி ஸமீம் நானா கோபிக்கவில்லை. என் பக்கத்துக் கதவருகே குனிந்து, "தம்பி, ஒங்கட வாப்பாட வண்டிக்கு பிரேக் ஈக்குதா இல்லயா?" என்று ரகசியம் போலக் கேட்டார்.

"செய்விக்கத்தான் கொண்டு போறம், நானா."

"அப்ப செஞ்சிட்டுக் கொண்டு வந்திருக்கலாமே" என்றார்.

நானும் அப்பாவும் தெருவில் இருந்து கருவாடு பொறுக்கினோம். அப்பா கந்தோர்ச் சட்டையில் வந்திருந்தார். அன்று பின்னேரம் சுங்கக் கந்தோரில் அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசைக்காரர் யன்னலடிக்கு மாறி இருந்தாராம்.

மார்ட்டின் பாஸ் வாயில் சுருட்டோடு காரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். நான் முன்னுக்குப் போய் நின்று, பிரேக் என்று சொல்லிப் பின் சில்லைக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிரேக் பஸ்ஸேத?" என்று கேட்டார்.

"என்னடா பஸ் எண்டுறான்?" என்றார் அப்பா. "நாங்கள் பஸ்ஸிலையோ வீட்டை போறது?"

"பஸ் இல்லை அப்பா, பஸ்ஸே. பின்பக்கம் எண்டு அருத்தம். பின் பிரேக்கோ எண்டு கேக்கிறார்" என்று விளக்கிவிட்டு, பாஸிடம், "ஒவ், ஒவ், பஸ்ஸே" என்று ஆணித்தரமாகச் சொன்னேன். "ஹரி, ஹரி", அதாவது சரி, சரி என்று அவர் தலையாட்டினார். பாஸ் சொல்வது பஸ்ஸே, அப்பா கேட்பது பஸ், இரண்டுக்கும் நடுவில் நான் ஒருவன் நிற்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். பிறகு பாஸ் நீளமாக ஏதோ சொன்னார். அதன் சாரத்தை, இவருக்கு அனுபவம் அதிகம், வேலைக்கு உத்தரவாதம், நாம் நல்ல குடும்பம் என்று முகத்திலேயே தெரிகிறதாம் என்று அப்பாவுக்கு எடுத்துரைத்தேன். அவர் கேட்ட கூலியோ அரைவாசிகூட இல்லை, கால்வாசியிலும் கால்வாசி. அதையும் நான் பேரம் பேசிக் குறைத்தேன். அப்பா என் தோளில் கையைப் போட்டு, "உன்ர சிங்களம் இவ்வளவு நாளும் எங்கையடா கிடந்தது?" என்று கேட்டார். பிறந்த நாள் தொட்டு அப்பா என் தோளில் கை போட்டது, காதைத் தேடிப் போகும் வழியில் அல்லாமல், இதுவே முதல் தடவை.

நேற்றுப் போய்க் காரை எடுத்து வந்தோம். மாமா, உங்களுக்கே அடையாளம் தெரியாது. மேலும் கீழும் கழுவி, சில்லுக் கம்பியெல்லாம் துலக்கி, ரயர் ஓட்டைகள் ஒட்டி, முனகும் இடமெல்லாம் கிறீஸ் பூசி, பின் பிரேக் செய்யச் சொன்னால் மனுசன் காரை மணவறைக்கே அலங்கரித்து விட்டார். வெள்ளவத்தை வரை அப்பா மாட்டுவண்டிகளுக்கும் வழி விட்டுக் கௌரவமாக ஓட்டினார். எங்கள் படலையில் நிற்க வேண்டிய கார் மூன்று வீடு தள்ளிச் சரோஜினிதேவி ரீச்சரின் குரோட்டன் வேலிக்குள் நின்றது உண்மைதான். ஆனால் அது பிரேக்கின் குற்றமல்ல. புதுச் சப்பாத்து முதல் நாளே கடிக்கும்; புதுப் பிரேக் கடிக்கத் தொடங்க இரண்டொரு நாள் பழக வேண்டும் என்று அப்பாவுக்கும் ரீச்சருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அப்பா நம்பினார். ரீச்சர் என்னுடைய அட்சரகணிதப் புள்ளியைக் கேட்டா.

ஆகவே, மாமா, தாங்கள் சனிக்கிழமை பயமின்றி வரலாம். என் பெட்டி இப்போதே கட்டி வாசலில் இருக்கிறது. ஹப்புத்தளையில் காதுக்குக் கட்டக் கம்பளித் துண்டும் வைத்துவிட்டேன். முன் ஆசனத்தில் இருந்து வழியில் சிங்களத்தில் கேட்க வேண்டியதை எல்லாம் நானே கேட்டுத் தருவேன். மாமிக்கு என் நமஸ்காரம். தங்கள் தபாற்கந்தோரில் முத்திரைகள் தட்டுப்பாடின்றியும், முழங்கால்கள் தகராறின்றியும் இருக்க வெள்ளவத்தைப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
வ. குலேந்திரன்.

பி.கு.: மாமா, மேலே உள்ளதை முடித்துவிட்டு முத்திரை தேடிக்கொண்டிருக்கும்போது, மார்ட்டின் பாஸ் கையில் ஒரு பொட்டலத்தோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார். வந்தவர் அப்பாவைப் பார்த்து, என்னிலும் திறமான தமிழில், "ஐயா, அண்டைக்குத் தம்பி பிரேக்கைப் பிறகு பாப்பம் எண்டு சொன்னவர். சூவில ஒட்டுற லைனிங் வாங்கியந்திருக்கிறன். இப்ப செய்வமா?" என்று கேட்டார்.

சிங்களத்தில் பஸ்ஸே என்றால் பின்பக்கமும்தானாம், பிறகும்தானாம். பிரேக்கைப் பிறகு செய்வதா என்று அவர் கேட்டிருக்கிறார். ஓம், பிறகு, பிறகு என்று நான் ஆணித்தரமாகச் சொல்லியிருக்கிறேன். நான் பேரம் பேசிக் குறைத்தது கார் கழுவும் கூலி.

"உமக்குத் தமிழ் தெரியுமோ?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"கொட்டாஞ்சேனையில பிறந்து தமிழ் தெரியாமலா, ஐயா? தம்பி ஆசையாச் சிங்களம் கதைச்சார். குழப்ப மனம் வரயில்லை."

மாமா, எனக்குத் தெரிந்த சிங்களம் போளைக் குண்டு விளையாட்டில் சண்டை பிடிக்கவும் கடலைக்காரனைக் கூப்பிடவும் மட்டும் போதுமானது. அந்த நீள வசனத்தில் எனக்கு விளங்கியது 'மாத்தயா', அதாவது ஐயா, என்ற ஒரு சொல்தான். நல்ல குடும்பம் என்பதெல்லாம் நானே போட்டது. பின் சில்லுகள் மறுபடியும் கழற்றப்பட்டுவிட்டன. இம்முறை அப்பா நேரே தமிழில் பேசினார், கூலியும் நியாயந்தான். நான் பக்கத்தில் குந்தியிருந்து ஆணி பிடித்துக் கொடுக்கிறேன். வேலை முடிய 14ந் திகதியும் தாண்டுமாம், ஆகையால் தயவுசெய்து அந்தச் சனிக்கிழமை வந்துவிடாதேயுங்கள். முன் ஆசனத்தைப் பற்றி நான் இனி வாய் திறக்க மாட்டேன். பின் ஆசனத்தில், மாமிக்கென்று அம்மா கட்டி வைத்திருக்கும் மூட்டைகளுக்கு நடுவில் ஏதாவது ஒடுக்கமான இடம் இருந்தால், நான் இப்போது நன்றாக மெலிந்து போயிருக்கிறேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.