மெக்கானிக்கலை வேண்டாம் என்ற 'காத்து'

பூந்தமல்லிக்கு மேற்கே காற்றோடு நேரடிப் பேச்சுவார்த்தை வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் 'காத்து'தான். மண்ணூர்க்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் ஹாஸ்டல் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவனும் தண்டலத்துக்காரனான நானும் மெட்ராஸில் பி.யு.சி. படித்தோம். நாலு பேருக்கு ஒரே அறை. மின்விசிறியைப் போட்டுவிட்டு, அதன் கீழே மூக்குப்பொடியைத் தூவி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பான். மற்ற மூன்று பேரும் தும்மிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தோம்.

விமானம் பற்றி எம்.டெக். படிப்பது என்று அவன் முடிவுகட்டியிருந்தான். ஆனால் அதற்கு முன்னால் பி.இ. முடிக்க வேண்டுமே, அதில் எந்தப் பாடம்? கணக்கு வாத்தியார், வார்டன், மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர் எல்லோரும் ஒரே குரலில் மெக்கானிக்கல் என்றார்கள்.

"அங்க காத்தைக் கண்ணால காட்டுவாங்களா?" என்று கேட்பான். சாம்பார்க்காரர் கரண்டியோடு யோசித்தார்.

ஒரு விடுமுறையில் தண்டலம் நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸின் முதுகில், கோந்து தடவிச் சிவப்பு நூல் துண்டுகளை வரிசையாக ஒட்டிவிட்டான். கண்டக்டர் இறங்கி வந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு கீற? வண்டிக்கு சீமந்தமா?"

பஸ் கிளம்பியதும் சைக்கிளில் துரத்தினான். பின்சீட்டில் நான். மூச்சு முட்டிப் பஸ் கை நழுவும் நேரத்தில் கத்தினான்: "பாருடா! நூலு நம்ம பக்கம் பறக்கல. பஸ்ஸு மேலயே போய் ஒட்டிக்குது! காத்து சுத்திக்கினு திரும்பி வருதுடா. அதான் பஸ்ஸு முதுகுல அம்மாம் புழுதி!"

பிறந்ததிலிருந்து அந்தப் புழுதியைத் தின்றவன் நான். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அதே விடுமுறையில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனோம். மதகிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நடுவே ஒரு கல்தூண். அவன் ஒரு பை நிறைய மரத்தூள் கொண்டுவந்து தூவினான். தூணுக்குப் பின்னால் ஒரு சுழல் இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று சுழல்கள் தாளம் தப்பாமல் கிளம்பிக்கொண்டே இருந்தன. அவன் வாயைத் திறந்தபடி நின்றான். நானும்தான்.

இன்ஜினீயரிங் கல்லூரியில் அவன் மார்க்குக்கு மெக்கானிக்கல் தேடி வந்தது. ஒரே வாரத்தில் அது வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுச் சிவிலுக்கு மாறினான். அங்கேதான் கண்ணாடிச் சுவர் வைத்த தண்ணீர் வாய்க்கால் சோதனைக்கூடம் இருந்ததாம். காலியான அந்த இடம், பட்டியலில் அடுத்து நின்ற எனக்கு வந்தது.

விஷயம் கேள்விப்பட்டு, ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருந்த அவன் அண்ணன் ஹாஸ்டலுக்கே வந்துவிட்டார்.

"மோட்டார் செய்யப் போறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன். நீ இன்னாடான்னா பாலம் கட்டப் போறியா?"

"இல்லண்ணா, ஏரோப்ளேன்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "இவன் கூட இருக்கிற நீயாவது நல்லா கீறியாப்பா?"

ஐந்து வருஷம் அந்தக் கண்ணாடி வாய்க்காலிலேயே கிடந்தான். எம்.டெக். நேர்முகத் தேர்வுக்குத் துணையாக நானும் போனேன். வந்திருந்தவர்கள் எல்லாம் மெக்கானிக்கல்காரர்கள். இவன் ஒருவன்தான் சிவில். இங்கே இவனுக்குக் கிடைக்காவிட்டால், இவன் விட்ட இடத்தில் படித்த நான் அண்ணன் முகத்தில் விழிக்கவே முடியாது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பேராசிரியர் கேட்டது காதில் விழுந்தது: "பாலம் கட்ட வேண்டியவருக்கு இங்கே என்னய்யா வேலை?"

"றெக்கைக்குப் பின்னால காத்து எப்படிச் சுத்துதுன்னு தெரிஞ்சிக்கணும் சார். காத்து கண்ணுக்குத் தெரியாது, தண்ணி தெரியும். அதான் மொதல்ல அதைப் படிச்சிட்டு வந்தேன்."

உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன. எட்டிப் பார்த்தேன். நாலு பேராசிரியர்களும் எழுந்து கரும்பலகையருகே நின்றார்கள். அவன் சுழல்களை வரைந்துகொண்டிருந்தான். பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டியது ஒன்றரை மணி நேரம் ஓடியது.

வெளியே வந்தான். "சீட் குடுத்துட்டாங்க. இன்ஜின் பாடம் ரெண்டு கூடுதலா எழுதணுமாம். எழுதிடலாம்" என்றவன் என் முகத்தைப் பார்த்தான். "காலையிலேர்ந்து ஒண்ணும் துண்ணலியா நீ?"

இழுத்துக்கொண்டு போய்க் கேன்டீனில் உட்காரவைத்தான். சீட் கிடைத்தவன் அவன், அழுதவன் நான். அதைப் பார்க்காதவன் மாதிரி எங்கேயோ திரும்பிக்கொண்டு, என் தட்டில் இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொன்னான்.