ஏணிப் போரின் நடுநிலை வரலாறு

மாண்புமிகு சித்தப்பா அவர்கள் சமூகத்திற்கு,

நம் குடும்பத்தில் ஒரு வரலாற்றாசிரியர் பிறந்திருக்கிறார் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கிறேன். வயது பதினைந்து. தாயும் சேயும் நலம். சேய் நான்தான்.

வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தைச் சாட்சிகளை விசாரித்து, காரண காரியத்தோடு எழுதி வரச் சொன்னார் சரித்திர வாத்தியார். வேறெதை எழுத? கடைக்குப் பெயர்ப்பலகை மாட்ட அப்பா ஏணியில் ஏற, நீங்கள் கீழே நின்று பிடித்துக்கொள்ள, அப்பா படி எதையும் மிதிக்காமலே தரைக்கு வந்து சேர, இரண்டு வருடமாக அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காமல் போன அந்த ஏணிப் போரையே எடுத்துக்கொண்டேன். விசாரித்தால் ஆளுக்கொரு காரணம். "அவன் கையை விட்டான்" என்றார் அப்பா. "பலகை கோணலா இருக்குன்னு இவருதான் எட்டி எட்டிச் சாஞ்சாரு. ஏணி என்ன பண்ணும், பாவம்!" என்றாள் அம்மா. அத்தையோ, ஏணியின் எந்தக் கால் முதலில் வழுக்கியது என்பது வரைக்கும் சொன்னாள். அன்றைக்கு அத்தை ஊரிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சும்மா விடுவேனா? எல்லாவற்றையும் சலித்தெடுத்து, 'தம்பி கைவிட்டார், அண்ணன் விழுந்தார், உறவு முறிந்தது' என்று முடித்து, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் உரக்கப் படித்தேன்.

"டேய், அவ்வளவுதானா?" என்றார் அப்பா.

"விழுந்தாச்சே, அப்புறம் என்னப்பா?"

"விழுந்தவனை முதுகுல தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு, உங்க வாத்தியாரா? கால்ல செருப்புகூட இல்லாம ஓடினான்டா அவன். அதை எழுதாம என்ன பெரிய சரித்திரம்?"

"இதை நீங்க சொன்னதே இல்லையே!"

"நீ கேட்டியா?"

பிறகு ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார். டம்ளரில் தண்ணீர் இல்லை.

பார்த்தீர்களா, சித்தப்பா? முற்றுப்புள்ளியை நாலு வரி தள்ளி வைத்ததும் வில்லன் கதாநாயகன் ஆகிவிட்டார்! விழுந்த இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, சாட்சியின் வாயைக் கிளறியது என் ஆராய்ச்சி உத்தி. இதெல்லாம் பிறவியிலேயே வரணும். ஆனாலும் உங்கள் தரப்பு இல்லாமல் என் வரலாறு நொண்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சாட்சி சொல்லவும்.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் குட்டிப் பிசாசுக்கு ஒரு குட்டு.

இப்படிக்கு,
குடும்ப வரலாற்றுத் துறைத் தலைவர்

பின்குறிப்பு: உத்தியும் இல்லை, கித்தியும் இல்லை. பந்து விளையாடக் கூப்பிட்டார்கள். விழுந்த இடத்தோடு நோட்டை மூடி வைத்துவிட்டு ஓடிவிட்டேன். மீதியை நான் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னதும் நான் இல்லை, அப்பாதான். "நான் சொன்னேன்னு எழுதாதே" என்று பின்னாலேயே நிற்கிறார். எழுதியதை இப்போது எட்டிப் படித்துவிட்டார். அடித்துவிடச் சொல்லவில்லை.