கட்டைவிரலாரின் மார்கழி டயர்

ரப்பரை யார் எப்போது கண்டுபிடித்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் அதன் நல்லது கெட்டதைச் சொல்லும் உரிமை இந்தப் பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஒடுகத்தூரில் டயர் கடை வைத்திருக்கிறார். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஊருக்கு அவர் 'கட்டைவிரல்'. எனக்கு, மரியாதை கருதி, கட்டைவிரலார்.

வலது கட்டைவிரலில் மட்டும் நகத்தைக் கொஞ்சம் நீளமாக விட்டிருப்பார். எந்த ரப்பரைக் கண்டாலும் அந்த நகத்தை அழுத்தி எடுப்பார். குறி விழுந்து மெதுவாக மறைந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. குறியே விழாவிட்டால், "செத்துப்போச்சு சார், எடுத்துப் போட்டுடுங்க" என்று சாவுச் செய்தி சொல்லும் குரலில் சொல்வார். டயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிரில் வருகிறவரின் செருப்பு, பக்கத்து வீட்டுக் குக்கரின் வளையம், அரிசி மண்டியின் ரப்பர் ஸ்டாம்ப் என்று எதையும் அவர் விட்டதில்லை. டயரின் மேல் மேடாக நிற்கும் வரிகளை அவர் 'பட்டன்' என்பார். ஒரு கல்யாணப் பந்தியில் மெதுவடையை அழுத்திப் பார்த்து, "பட்டன் இல்ல, ஆனா உயிர் கீது" என்று சான்று கொடுத்ததை நானே பக்கத்து இலையிலிருந்து கேட்டேன்.

ஒருமுறை டாக்டர் அவருடைய நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, "படபடப்பு அதிகமா இருக்கே" என்றாராம். கட்டைவிரலார் எட்டி அந்தக் குழாயை அழுத்திப் பார்த்துவிட்டு, "டியூபு கெட்டியாயிடுச்சு டாக்டர். என் நெஞ்சு நல்லாத்தான் கீது, உங்களுக்குத்தான் சரியா கேக்கல" என்றார். டாக்டர் மருந்து எழுதிக் கொடுக்காமலே அனுப்பிவிட்டார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் நான் போய்ச் சேர்ந்தது ஒரு காரால். என் மைத்துனர் வெளிநாடு போகும்போது தன் பழைய வெளிநாட்டுக் காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நீளமான கறுப்புக் கார். நான் அப்போது ஜவ்வாது மலையில் ஒரு வங்கிக் கிளைக்கு மேனேஜர். என் மனைவி சுமதி அதே மலையூரில் பள்ளிக்கூட டீச்சர். வீடு ஒடுகத்தூரில். மலையில் சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முனகி ஏறும் சாலையில் நான் அந்தக் காரை ஓட்டினேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்டேன் என்பது ஐப்பசி மழை வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் காரில் இன்ஜினின் பலமெல்லாம் பின்சக்கரங்களுக்குத்தான் போகும். முன்சக்கரம் திரும்புகிற வேலையோடு சரி. நனைந்த வளைவில் ஆக்சிலேட்டரை ஒரு நூல் அதிகமாக மிதித்தால், பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். ஒரு காலை, நாலாவது வளைவில் நான் அந்த ஒரு நூலை மிதித்தேன். கார் சாவகாசமாக ஒரு அரைவட்டம் போட்டு, வந்த வழியைப் பார்த்து நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது.

சுமதி கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள். குடையை விரித்தாள்.

"இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேங்க. நீங்க வாங்க, நான் பஸ்ல வர்றேன்."

அடுத்த நாளிலிருந்து அவள் ஐந்து மணிக்கே எழுந்து முதல் பஸ்ஸில் போனாள். இரண்டொரு நாள் நானும் சீக்கிரம் கிளம்பி, முன்னால் பஸ், பின்னால் கார் என்று மலை ஏறிப் பார்த்தேன். கடைசி சீட்டின் ஜன்னலில் அவள் முகம் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள். வீட்டில் அவளுக்குப் பரீட்சைத் தாள், எனக்குப் போன். எங்கள் இருவருக்கும் பேசுவதற்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேர மலைப்பயணம்தான். அது போனதில் எனக்கு வந்த வருத்தம் கொஞ்சநஞ்சமல்ல. அவளைத் திரும்ப அந்த முன்சீட்டில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இரவெல்லாம் இணையத்தில் வீடியோக்களைப் பார்த்து ஞானம் பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டைவிரலார் கடைக்குப் போனேன்.

"அண்ணே, எனக்கு விண்டர் டயர் வேணும்."

"இன்னா டயரு?"

"குளிர்காலத்து டயர். குளிர்ல சாதாரண ரப்பர் கெட்டியாயிடுமாம், ரோட்டைப் பிடிக்காதாம். இது கெட்டியாகாது. பனி கொட்டுற நாட்டுல நவம்பர் வந்தா எல்லாரும் மாத்திடுவாங்க."

கட்டைவிரலார் வாயைத் திறந்தபடி நின்றார். முதலில் என் காரின் நாலு டயரிலும் நகத்தை அழுத்தினார். ஒன்றிலும் குறி விழவில்லை.

"பட்டன்லாம் ஷோக்கா கீது சார். ரப்பர்தான் பூட்டுது. வண்டிய ஷெட்லயே நிறுத்தி வெச்சிருந்தாரா உங்க மச்சான்? இதுல மழையில போனீங்களா? டீச்சரம்மா பஸ்ஸுக்குப் போறது ஊருக்கே தெரியும். அவங்க பண்ணதுதான் சரி." பிறகு அவர் குரல் இறங்கியது. "இன்னொரு தபா சொல்லுங்க. குளுருல ரப்பர் வெறச்சிக்குமா?"

அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்தது. முப்பது வருடமாக மத்தியான வெயிலிலேயே ரப்பரை அழுத்திப் பார்த்திருக்கிறார். மார்கழி விடியலில் மலை மேல் அது என்ன பாடு படும் என்று யோசித்ததே இல்லை. மலை ஜீப்புக்கெல்லாம் அவர்தான் டயர் பார்த்துக் கொடுத்தவர். இத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டேனோ என்ற எண்ணம் அவரைத் தின்றது.

நாலு நாள் கழித்து அவர் மனைவி என்னைத் தெருவில் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க இன்னா சொன்னீங்களோ, என் ஃபிரிட்ஜ்ஜப் பாருங்க வந்து."

போய்ப் பார்த்தேன். மாவுக்கும் மோருக்கும் நடுவில், பதினோரு டயர்த் துண்டுகள் தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு எண். விடியற்காலையில் கட்டைவிரலார் ஒவ்வொன்றாக எடுத்து நகம் வைத்துப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இட்லியில் ரப்பர் வாடை அடிக்கிறது என்று மகன் ஹோட்டலில் நாஷ்டா தின்னப் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது.

"உங்க வெளிநாட்டு டயரு நமக்கு ஆவாது சார். நம்ம மலையில இன்னா ஐஸா கொட்டுது? காலைல மேல சில்லுனு போவும், மத்தியானம் ஒடுகத்தூர் வெயில்ல அல்வாவாயிடும். நமக்கு மழைதான் எதிரி. தண்ணிய வாரி வெளிய தள்ற பள்ளம் வேணும். குளுருலயும் வெறைக்காத மெத்து வேணும். ரவ அகலம் கம்மியா இருக்கணும், தண்ணி மேல மெதக்காம அறுத்துனு போவும். அத்த நான் பாத்துத் தர்றன்."

என்னை வேலூருக்கு இட்டுக்கொண்டு போனார். மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையின் கிடங்கில் அவர் டயர் டயராக நகம் வைத்துக்கொண்டே போனதைப் பார்த்து, கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். முதலாளி எடுத்து நீட்டிய விலை உயர்ந்த டயரை, "இது நெடுஞ்சாலைல பறக்கறதுக்கு. நாங்க பறக்கப் போறதில்ல, ஏறப் போறோம்" என்று ஒதுக்கினார். கடைசியில், மூலையில் கிடந்த ஒரு ஜோடியில் குறி விழுந்து, எண்ணி நாலு நொடியில் மறைந்தது. அதே மாதிரி நாலு வேண்டும் என்றார். மிச்ச இரண்டு வந்து சேர ஒரு வாரம் ஆனது.

டயர் மாட்டியாகிவிட்டது. சுமதியிடம் போய்ச் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் பஸ்ஸுக்குப் போனாள்.

கட்டைவிரலாரிடம் முறையிட்டேன். "நீங்களே ஒரு தடவை கூட வந்து, வளைவைப் பார்த்து, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

அவர் ஒரு டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்க ஆரம்பித்தார். அந்த டியூபில் பஞ்சரே இல்லை. உள்ளே இருந்து அவர் மனைவிதான் பதில் சொன்னார்.

"இவரா? மொட்டமாடில தண்ணி டேங்கு வழிஞ்சாக்கூட நான்தான் ஏறணும். நாலு படி ஏறினா கண்ணு இருட்டிக்கும் இவருக்கு. மலைக்கு இதுவரிக்கும் ஒரு தபா போனதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இறங்கி வரும் ஜீப்பின் டயரைத் தடவிப் பார்த்தே, "பாலத்தாண்ட மண்ணு சரிஞ்சிருக்குதா?" என்று கேட்கிற ஆள் அவர். டிரைவர்கள் திகைத்துப்போய், "எப்பண்ணே மேல வந்த?" என்பார்கள். அந்தச் சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் அவருக்குத் தெரியும். பார்த்ததுதான் இல்லை.

"சரிண்ணே, விடுங்க" என்று கிளம்பினேன். அவர் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தூறலில் காரை எடுக்கிறேன். வாசலில் கட்டைவிரலார் நிற்கிறார். காதைச் சுற்றித் துண்டு. ஒரு கையில் எலுமிச்சம்பழம், மறு கையில் இரண்டு பிளாஸ்டிக் பை.

"டீச்சரம்மா எங்க குந்துவாங்க?"

"முன்னால, என் பக்கத்துல."

"அப்ப அங்கதான் நான் குந்தணும்" என்று ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். அடிவாரம்கூட வந்திருக்கவில்லை.

முதல் வளைவில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. இரண்டாவதில் முதல் பை வேலைக்கு வந்தது. ஆனால் மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் சாலையைச் சொல்லிக்கொண்டு வந்தார். "இப்ப ஜல்லி பேந்தது வரும்... வந்திச்சா? அப்பால எடப்பக்கம் வழவழன்னு இருக்கும், வலப்பக்கம் போங்க." எல்லாம் சொன்னபடியே வந்தது.

நாலாவது வளைவு வந்தது.

"இங்கதான?"

"ஆமாண்ணே. மெதுவா போயிடறேன்."

"வேணாம். அன்னிக்கி மிதிச்ச மாதிரியே மிதிங்க."

"அண்ணே, வேணாம்ணே."

"சார், டீச்சரம்மா இல்லாதப்பவே பாத்துடணும். மிதிங்க." கை கதவின் பிடியைப் பற்றியிருந்தது.

மிதித்தேன். பின்பக்கம் லேசாக இடுப்பை ஆட்டியது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. நான் மூச்சு விட்டேன். அவர் விடவில்லை.

"ஒரு தபா புடிச்சா குருட்டு அதிஷ்டமா இருக்கும். திருப்புங்க."

திருப்பி வந்து மறுபடியும் மிதித்தேன். அப்புறம் இன்னொருமுறையும். மூன்று முறையும் அவர் என் பக்கத்தில், பள்ளத்தின் ஓரத்தில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. கார்க்கண்ணாடி முழுக்க மூடித்தான் இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் அவரை இறக்கியபோது நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுமதி வகுப்பை விட்டு ஓடி வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு மலை ஆகாதுன்னு உங்க வீட்டம்மா சொல்லுவாங்களே. ஏன் வந்தீங்க?"

"நாலாவது வளைவுல மூணு தபா பாத்துட்டம்மா. புடிக்குது" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் குந்திப் பாக்காம உங்கள எப்பிடிம்மா குந்தச் சொல்றது?" என்றார்.

சுமதி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போய் அவருக்கு வெந்நீர் கொண்டுவந்தாள்.

அவரை மத்தியான பஸ்ஸில் அனுப்பலாம் என்றால், "அது இன்னும் ஒசரம்" என்று மறுத்துவிட்டார். நாள் முழுக்கப் பள்ளிக்கூட வராந்தாவில், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளின் சத்துணவு முட்டையை ஒரு பையன் காட்டியபோது அதையும் நகத்தால் அழுத்திப் பார்த்தாராம்.

மாலையில் நான் போனபோது கட்டைவிரலார் முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சுமதி ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் போய் ஒடுங்கினார். இறங்கும் வழியெல்லாம் சுமதி அவருக்குப் பயம் தெரியாமல் இருக்க ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். ஒரு மாதம் என்னிடம் பேசாமல் சேர்த்து வைத்ததெல்லாம் அதில் இருந்தது. நாலாவது வளைவு எப்போது வந்தது, எப்போது போனது என்று அவள் கவனிக்கவே இல்லை.

கண்ணாடியில் நான் பின்சீட்டைப் பார்த்தேன். கண்ணை இறுக மூடி, இரண்டாவது பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய ஒவ்வொரு பேச்சுக்கும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னை நம்பி வண்டியில் ஏறியவர்கள் எத்தனையோ பேர். எனக்காகப் பயந்து நடுங்கிக்கொண்டே ஏறியவர் அவர் ஒருவர்தான்.