தூக்கிக் குடித்த ஒயின்

குடிக்கத் தெரியாததால் வேலை போகப் பார்த்தவன் எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்களுக்கு வேலை போவது குடிக்கத் தெரிந்ததால்.

வேளாண்மைப் படிப்பு முடித்த கையோடு, கல்வராயன் மலைமேல் குளிருக்குத் தோதான திராட்சை போட்டிருந்த ஒரு எஸ்டேட்டிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பள வேலைக்குப் போகவிருந்த முதல் ஆள் நான். அம்மாவிடம் திராட்சைத் தோட்டம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். (அந்தத் திராட்சை பிறகு என்னவாகும் என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.) கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையை அப்பா எடுத்துக் கொடுத்தார்.

கிளம்பும்போது அம்மா சொன்னார்: "பெரிய மனுசங்க எடம். எது குடுத்தாலும் வாய் வெச்சிக் குடிக்காத. தூக்கிக் குடி." வேலைக்குப் போன வீடுகளில் அவர் பழகியது அது. எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எஸ்டேட்டில் மேலாளர் மேடம் எனக்கு முன்னால் நீளக் கால் வைத்த நான்கு கிளாஸ்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு வகைத் திராட்சையில் செய்த ஒயின். மோந்து பார்த்து, குடித்து, என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். கொடியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கும் பழம் கடைசியில் என்ன ஆகிறது என்று தெரிய வேண்டுமாம்.

அண்ணாந்தேன். தூக்கி ஊற்றினேன். முதல் இரண்டும் வெள்ளை ஒயின். கொஞ்சம் வாய்க்குள்ளும் மீதி காலருக்குள்ளும் போனது, வெளியே தெரியவில்லை. "நல்லா இருக்குங்க மேடம்" என்றேன், இரண்டு தடவையும்.

மூன்றாவது சிவப்பு. அந்தக் கிளாஸின் வாய் குறுகியிருப்பது வாசனையைப் பிடித்து வைக்கத்தானாம். சொம்பு மாதிரி ஊற்றுவதற்கு இல்லை. முதலில் வரமாட்டேன் என்று நின்ற ஒயின், பிறகு மொத்தமாக வந்தது. பாதி மூக்கில், மீதி அப்பாவின் சட்டையில்.

இருமலுக்கு நடுவே "நாவப்பழம்" என்றேன். அன்று நான் உருப்படியாகச் சொன்ன ஒரே பதில்.

மேடம் சிரிக்கவில்லை. துண்டைக் கொடுத்துவிட்டு, ஏன் தூக்கிக் குடிக்கிறேன் என்று கேட்டார்.

"உங்க கிளாஸ்ல வாய் வெக்கக் கூடாதுன்னுங்க."

மேடம் நான்காவது கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "இது உங்க கிளாஸ். வாய் வெச்சே குடிங்க."

குடித்தேன். அதில் என்ன வாசனை என்று இன்றுவரை சொல்லத் தெரியாது. மூக்கு அடைத்துப்போயிருந்தது. (மூக்கில் ஏறிய ஒயினால் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.)

திரும்பும்போது பஸ்ஸில் சங்கராபுரம் வரை என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பதறிப்போனார்.

"இன்னாடா இது, ரத்தமா?"

"இல்லம்மா. ஒயினு."

கிட்டே வந்து மோந்து பார்த்தார். "ரத்தமாவே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து மேடம் போன் செய்து வேலை கொடுத்தார். "திராட்சை திராட்சையா இருக்கற வரைக்கும் நீங்க பாத்துக்குங்க. அப்புறம் நாங்க பாத்துக்கறோம்." அம்மா சமாதானமானது அந்த வார்த்தையால்தான்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் கறைச் சட்டையை எடுத்துக் காட்டாமல் விடுவதில்லை. வந்தவர் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் அம்மா கையைப் பிடித்துக்கொள்வார்.

"வாய் வெச்சே குடிங்க. எம் புள்ள தூக்கிக் குடிச்சி வேல வாங்கினு வந்தது போதும்."